எச்சில் கரண்டி

ஜூன் 9, செவ்வாய்

பின்பக்கத்து பிளம்ஸ் மரங்கள் எல்லாம் ஒரே வாரத்தில் பழுத்துத் தொலைத்துவிட்டன. காலையில் ஜன்னலைத் திறந்தால் கள்ளுக்கடை வாசனை. விழுந்த பழமெல்லாம் ஈர மண்ணில் வெடித்துக் கிடக்கிறது. மேலே குளவி, கீழே எறும்பு, நடுவில் எங்கிருந்து வருகிறதோ தெரியாத பொடிப்பொடி ஈக்கள். எங்கள் ஹோம்ஸ்டேக்கு வருகிறவர்கள் மரத்தடியில் நின்று, "ஐயோ, எவ்வளவு அழகு!" என்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அந்தப் பழத்தை ஒரு தடவை பிட்டுப் பார்க்கச் சொல்ல வேண்டும். நான் இன்று பிட்டதில் மூன்றில் ஒன்றில் கொட்டையைச் சுற்றி வெள்ளைப் புழு நெளிந்தது. ஒவ்வொன்றுக்கும் உடம்பு கூசியது.

இத்தனை அருவருப்பை வைத்துக்கொண்டு ஏன் ஜாம் போடுகிறாய் என்று இவர் கேட்பார். அருவருப்பு இருப்பதால்தான் என் ஜாம் சுத்தமாக இருக்கிறது. கொடைக்கானலில் வீட்டு ஜாம் என்று பாட்டிலில் அடைத்து விற்கிறார்களே, அதை எந்தக் கையால் கிண்டினார்கள் என்று யாருக்குத் தெரியும்?

மாலையில் இவர் மெதுவாக ஆரம்பித்தார். "இந்திரா, மதினி கொஞ்ச நாள் இங்க வந்து இருக்கட்டுமான்னு கோகுல் கேக்குறான். காத்து மாறுனா நல்லாருக்கும்னு டாக்டர் சொன்னாராம்."

மதினி என்றால் இவருடைய அண்ணன் மனைவி சௌந்தரவல்லி. எனக்கு ஓர்ப்படியாள். கோகுல் அவளுடைய மகன். கல்யாணமான புதிதில், வத்தலக்குண்டு வீட்டில் நான் முதன்முதலாக வைத்த ரசத்தை ஒரு வாய் குடித்துவிட்டு, இருபது பேர் பார்க்கத் தொட்டியில் துப்பியவள். "இது ரசமா, சட்டி கழுவுன தண்ணியா?" என்று கேட்டாள். மாமியார்கூட அன்று சிரித்தார்.

"எவ்வளவு நாளுக்கு?" என்றேன்.

"பாக்கலாம்" என்றார். இந்த மனிதர் தோட்டக்கலைத் துறையில் முப்பது வருஷம் வேலை பார்த்ததே இந்த ஒரு வார்த்தையை வைத்துத்தான்.

ஜூன் 11, வியாழன்

வந்துவிட்டாள். பஸ் ஸ்டாண்டிலிருந்து இவர்தான் ஆட்டோவில் கூட்டிவந்தார். பாதியாக இளைத்திருக்கிறாள். தைராய்டு என்று கோகுல் சொன்னானாம். கழுத்தைச் சுற்றி ஒரு சால்வை, கையில் ஒரு தண்ணீர் பாட்டில். வாசலில் நின்று ஒரு மடக்கு, செருப்பைக் கழற்றி ஒரு மடக்கு, "நல்லாருக்கியா இந்திரா?" என்று கேட்டுவிட்டு ஒரு மடக்கு. வாய்க்குள் தண்ணீரைச் சுழற்றிச் சுழற்றிக் குடிக்கிறாள். அந்தச் சத்தம் எனக்குத் தாங்கவில்லை.

மதியச் சாப்பாட்டில் அதைவிடக் கொடுமை. நான் வைத்த கத்திரிக்காய்க் குழம்பில் இருந்து காயை எடுத்து, பக்கத்து டம்ளர் தண்ணீரில் முக்கிக் கழுவி, பிறகு வாயில் போட்டாள். டம்ளரில் எண்ணெயும் மஞ்சளும் மிதந்தது. என் குழம்பைக் கழுவிச் சாப்பிடுகிறாள்! அன்றைக்குத் துப்பினாள், இன்றைக்குக் கழுவுகிறாள். முன்னேற்றம்தான்.

இவர் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார்.

ஜூன் 12, வெள்ளி

காலையிலேயே உப்புத் தண்ணீர் கொப்பளிக்கிறாள். அரை மணி நேரம். வீடு முழுக்கக் கேட்கிறது. எனக்குக் காபி இறங்கவில்லை.

ஜூன் 15, திங்கள்

இந்த வருடத்து முதல் சட்டி. எஸ்தர் எட்டு மணிக்கே வந்துவிட்டாள். வீட்டு வேலைக்கு மூன்று வருஷமாக வருகிறாள், கை சுத்தம். இருவரும் உட்கார்ந்து புழு விழுந்ததைத் தள்ளி, நல்லதைக் கீறி, கொஞ்சம் அரைக்காய்ப் பழமும் சேர்த்தோம். முழுக்கப் பழுத்ததை மட்டும் போட்டால் ஜாம் இறுகாது, கஞ்சி மாதிரி ஓடும். தோல் கரையும்வரை வேகவைத்து, சல்லடையில் தேய்த்து, கொட்டையையும் சக்கையையும் நீக்கி, சர்க்கரை போட்டு அடுப்பை ஏற்றினேன். நுரை பொங்கிப் பொங்கி வருகிறது, அதை வழித்து வழித்து எடுக்க வேண்டும். புறங்கையில் தெறித்துக் கொப்புளம். ரத்தச் சிவப்பில் கொதிக்கிற அந்தக் குழம்பைப் பார்த்தால் எனக்கு ஒருநாளும் சாப்பிடத் தோன்றியதில்லை.

ஊரிலிருந்து வந்த அந்தம்மா அடுப்பங்கரைக் கதவில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எலுமிச்சை எடுக்க ஸ்டோர் ரூமுக்குப் போய்த் திரும்பினால், கரண்டி அவள் கையில். ஊதி ஊதி நக்குகிறாள். நாக்கை முழுதாக நீட்டி, கரண்டியின் குழியில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறாள். பிறகு அந்தக் கரண்டியை அப்படியே சட்டிக்குள் விட்டுக் கிண்டினாள்.

"அக்கா!" என்றேன்.

"என்ன?" என்றாள்.

"எச்சிக் கரண்டிய சட்டிக்குள்ள விடுறீங்களே..."

"கொதிக்கிற சட்டியில என்ன எச்சி?" என்று சொல்லிவிட்டு எஸ்தரைப் பார்த்தாள். "ஏத்தா, நீ ஒரு வாய் பாத்துச் சொல்லு. எப்பிடி இருக்கு?"

எஸ்தர் என் முகத்தைப் பார்த்தாள். நான் அடுப்பை அணைத்தேன்.

ஜூன் 16, செவ்வாய்

நேற்றைய சட்டியைப் பின்பக்கச் சரிவில் கொட்டிவிட்டேன். முழுச் சட்டியையும். இவர் பதறினார். "இவ்வளவையுமா?" என்றார். "நீங்க சாப்பிடுவீங்கன்னா சொல்லுங்க, அள்ளித் தாரேன்" என்றேன். உள்ளே போய்விட்டார்.

மத்தியானம் காட்டெருமை ஒன்று இறங்கிவந்து அதை நக்கிக்கொண்டிருந்தது. மூக்கெல்லாம் சிவப்பு. அந்தம்மா ஜன்னலில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நல்லா ருசிச்சுத் திங்குது" என்றாள். நான் குத்தலாக எடுத்துக்கொண்டேன். வேறு எப்படி எடுத்துக்கொள்ள?

ஜூன் 20, சனி

சட்டம் போட்டுவிட்டேன். வீடு என்னுடையது, அடுப்பு என்னுடையது. ருசி பார்க்க வேண்டுமானால் தனிக் கரண்டி. மகளுடைய பழைய நகப்பூச்சு ஒன்று மேசை இழுப்பறையில் கிடந்தது. அதை எடுத்து ஒரு கரண்டியின் காம்பிலும், ஒரு தட்டின் அடியிலும், ஒரு டம்ளரின் அடியிலும் சிவப்பாகப் புள்ளி வைத்தேன். "இது உங்களுக்கு அக்கா" என்று சிரித்துக்கொண்டே கொடுத்தேன். சிரிக்க எவ்வளவு கஷ்டப்பட்டேன் என்று எனக்குத்தான் தெரியும்.

டம்ளரைத் திருப்பிப் பார்த்தாள். சண்டைக்கு வருவாள் என்று காத்திருந்தேன். வத்தலக்குண்டு சௌந்தரவல்லி சண்டைக்கு வராமல் இருப்பாளா? ஆனால் புள்ளியை விரலால் ஒரு தடவை தடவிவிட்டு, "சரி" என்றாள். அவ்வளவுதான். எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது.

இன்றைக்கு ஜாம் சுத்தமாக இறங்கியது. குளிர்ந்த சாசரில் ஒரு சொட்டு விட்டு விரலால் தள்ளினால் தோல் சுருங்கியது. அதுதான் பதம். பாட்டில்களை எஸ்தர் காலையிலேயே வெந்நீரில் போட்டெடுத்து, மழை விட்டிருந்த நேரத்தில் வெயிலில் கவிழ்த்திருந்தாள். ஆனால் அந்தம்மா அந்தப் பக்கம் இருமிக்கொண்டே நடந்ததை நான் பார்த்தேன். மனசு கேட்கவில்லை. எல்லாவற்றையும் குழாயடியில் மறுபடி ஒரு தரம் அலசிக்கொண்டுவந்து ஜாமை ஊற்றினேன்.

"ஈரப் பாட்டிலாம்மா?" என்றாள் எஸ்தர்.

"சுத்தமான ஈரம்தான்" என்றேன்.

ஜூன் 24, புதன்

இன்று நடந்ததை எழுதாமல் இருக்க முடியாது. பழத்தை வேகவைத்து, தேய்த்து, விழுதை ஒரு கிண்ணத்தில் எடுத்து ஆறவைத்திருந்தேன். இன்னும் சர்க்கரை போடவில்லை. அரைக்காய்ப் பழம் அதிகம் விழுந்த விழுது. நாக்கில் பட்டால் பல் கூசி, கண்ணை மூடி, தோள் தூக்கிப்போடும், அப்படி ஒரு புளிப்பு.

அந்தம்மா தன் சிவப்புப் புள்ளிக் கரண்டியோடு வந்தாள். ஒரு கரண்டி முழுக்க எடுத்து வாயில் போட்டாள். நான் அவள் முகத்தையே பார்த்தேன். கண் கலங்கும், துப்புவாள் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால் அதற்காகத்தான் தடுக்காமல் நின்றேன்.

மெதுவாகச் சப்பினாள். தண்ணீர் ஒரு மடக்குக் குடித்து விழுங்கினாள். என்னைப் பார்த்தாள்.

"இனிப்பு அளவா இருக்கு இந்திரா" என்றாள்.

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. கேலி செய்கிறாள்! சர்க்கரை போடவில்லை என்று தெரிந்துகொண்டே, முகத்தில் ஒரு சுளிப்புக்கூட இல்லாமல் என்னை மடக்கப் பார்க்கிறாள். இத்தனை வருஷம் கழித்தும் அந்த நக்கல் போகவில்லை. நானும் விடவில்லை. "உங்க நாக்குக்குச் சரின்னா சரிதான் அக்கா" என்றேன்.

அவள் கரண்டியைத் தானே கழுவி, துடைத்து, ஓரமாக வைத்துவிட்டு ரூமுக்குப் போனாள். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. இரவுச் சாப்பாட்டுக்கு வரவில்லை. இவர் கஞ்சி எடுத்துக்கொண்டு போனார்.

ஜூன் 30, செவ்வாய்

மழை. துணி காயவில்லை. வீடு முழுக்க ஈர நாற்றம், அதோடு அந்தம்மாவின் உப்புத் தண்ணீர் நாற்றம். தினமும் ஒரு சட்டி இறக்குகிறோம், தினமும் ஒரு கரண்டி ருசி பார்க்கிறாள். கண்ணை மூடுகிறாள், திறக்கிறாள், எஸ்தரிடம் எப்படி இருக்கிறது என்று கேட்கிறாள், போகிறாள். என்னிடம் மட்டும் கேட்பதில்லை.

ஜூலை 3, வெள்ளி

மானம் போயிற்று.

கோயம்புத்தூர்க்காரர்கள் ஒரு குடும்பம் கீழ் ரூமில் தங்கியிருக்கிறார்கள். காலை டிபனுக்குப் புதிதாக ஒரு பாட்டிலை எடுத்து மேசையில் வைத்தேன். அந்தப் பெண் மூடியைத் திறந்ததும் "ஊய்" என்று கையை உதறினாள். ஜாமின் மேல் சாம்பல் நிறத்தில் பூஞ்சணம். ரோமம் ரோமமாக. ஓரத்தில் பச்சை. அவளுடைய சின்னக் குழந்தை விரலை விட்டுவிட்டது. நான் அந்த விரலைப் பிடித்துத் துடைத்தேன். ஓடிப்போய் வாந்தி எடுத்தேன்.

அலமாரியைத் திறந்து பார்த்தால் இருபதாம் தேதி ஊற்றிய பாட்டில்கள் எல்லாவற்றிலும் அதே கதி. மற்ற நாளைய பாட்டில்கள் நன்றாகத்தான் இருந்தன.

எப்படி வந்தது என்று நான் கேட்கவே வேண்டாம். எச்சில் படாமல் ஜாம் பூசணம் பிடிக்காது. என் கண்ணுக்குத் தெரியாமல் மறுபடி கரண்டியை விட்டிருக்கிறாள். எஸ்தரிடம் கேட்டேன். "பெரியம்மா அன்னைக்கி அவுங்க கரண்டியத்தாம்மா வச்சிருந்தாங்க" என்றவள், கொஞ்சம் நிறுத்தி, "அன்னைக்கித்தான் பாட்டில..." என்று இழுத்தாள்.

"நீ போய்த் துணிய எடு" என்றேன்.

ஜூலை 4, சனி

இவரிடம் முடிவாகச் சொல்லிவிட்டேன், அவர்களை ஊருக்கு அனுப்புங்கள் என்று. வழக்கம்போலப் பாக்கலாம். "நீங்க பாத்தது போதும்" என்று நானே கோகுலுக்குப் போன் செய்தேன்.

"கோகுல், உங்கம்மாவ கூட்டிட்டுப் போப்பா. என்னால முடியல. சட்டியில எச்சி வைக்கிறாங்க. வீட்டுக்கு வர்றவங்க முகத்துல முழிக்க முடியல."

அவன் ஆச்சரியப்படவே இல்லை. அதுதான் எனக்கு முதலில் உறுத்தியது.

"தெரியும் சித்தி. அதான் நாங்களும் தாங்க முடியாமத்தான் அங்க அனுப்புனோம். பவித்ராவுக்குச் சாப்பாடே இறங்கல. அந்த இருமலும் துப்புறதும்... அவுங்களுக்குன்னு தட்டு, டம்ளர் எல்லாம் தனியா வச்சிட்டோம். பாத்ரூம் பக்கத்துல ஒரு ஷெல்ஃப். மார்க்கர்ல பேரு எழுதி வச்சிருக்கா பவித்ரா. வேலை செய்யிறவங்க தொட மாட்டேங்கிறாங்க, அம்மாவே கழுவிக்கிறாங்க."

பவித்ரா அவன் மனைவி. அவன் பேசிக்கொண்டே போனான்.

"ஒட்டிக்காதுன்னு டாக்டர் சொல்றாரு. ஆனா யாருக்குத் தெரியும், சொல்லுங்க? திண்டுக்கல்ல ஒரு முதியோர் ஹோம் பாத்துட்டோம் சித்தி. அடுத்த ஞாயிறு நானே கார்ல வந்து அப்பிடியே கூட்டிட்டுப் போயி விட்டுர்றேன். நீங்க கவலப்படாதீங்க."

"என்ன ஒட்டிக்காது?" என்று கேட்டேன்.

"சித்தப்பா சொல்லலையா?" என்றான்.

போனை வைத்துவிட்டேன். மேசையில் அந்தம்மாவின் டம்ளர் கவிழ்த்திருந்தது. சிவப்புப் புள்ளி மேலே தெரிந்தது.

ஜூலை 5, ஞாயிறு

இவரைப் பின்பக்கம் மரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டேன். இந்தத் தடவை பாக்கலாம் என்று சொல்லவில்லை.

தைராய்டு இல்லை. தொண்டையில் கட்டி. போன வருஷம் மதுரையில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். ஒன்றரை மாதம் தினமும் கரண்ட், அதாவது ரேடியேஷன், வைத்திருக்கிறார்கள். கட்டி கரைந்துவிட்டது, இப்போது பயமில்லையாம். ஆனால் எச்சில் சுரப்பது நின்றுபோய்விட்டது. வாய் எப்போதும் காய்ந்து கிடக்கும், அதற்குத்தான் தண்ணீர். காரம் பட்டால் நெருப்பாக எரியும், அதற்குத்தான் கழுவுவது. வாய் புண்ணாகாமல் இருக்க உப்பும் சோடா மாவும் போட்டுக் கொப்பளிப்பது. சால்வைக்குள்ளே கழுத்துத் தோல் கறுத்திருக்கிறதாம்.

"ருசி?" என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் புளித்த விழுது என் கண்முன் வந்தது.

"ஒண்ணும் தெரியாது. உப்பு, புளிப்பு, இனிப்பு எதுவும் கெடையாது. மண்ணத் திங்கிற மாதிரி இருக்குன்னு சொல்லுவாங்க."

"எனக்கு ஏன் சொல்லல?"

"மதினி சத்தியம் வாங்கிட்டாங்க இந்திரா. 'ஊருக்கே சொல்லு, இந்திராகிட்ட மட்டும் சொல்லாத. அவ முன்னாடி நான் நாக்குச் செத்தவளா போயி நிக்க மாட்டேன்'னு சொன்னாங்க."

ஒரு பழம் எங்களுக்கு நடுவில் விழுந்து வெடித்தது. குளவி வந்தது. எனக்கு எல்லாவற்றின் மேலும் வெறுப்பாக இருந்தது. இந்த மனிதர் மேல், கோகுல் மேல், அந்தப் பவித்ரா மேல். ஷெல்ஃபை பாத்ரூம் பக்கத்திலா வைப்பாள் ஒருத்தி? மார்க்கரால் பேரா எழுதுவாள்? என்ன பிறவிகள்!

பிறகு உள்ளே வந்து தட்டையும் டம்ளரையும் எடுத்துக் கத்தியால் நகப்பூச்சைச் சுரண்டினேன். சீக்கிரம் போகிற சாமான் இல்லை அது. கரண்டிக் காம்பில் மட்டும் கொஞ்சம் சிவப்பு மிச்சமிருக்கிறது.

ஜூலை 7, செவ்வாய்

காலையில் கொப்பளிக்கும் சத்தம் கேட்டது. தெரிந்த பிறகும் அருவருப்பாகத்தான் இருக்கிறது. தெரிந்துவிட்டால் போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை. இதை யாரிடம் சொல்வது?

குழம்பைக் காரமில்லாமல் தனியாக எடுத்துவைத்தேன். டம்ளரில் முக்கிய காயில் கழுவக் காரமே இல்லாததைப் பார்த்துவிட்டு, அவள் தட்டையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "தணிகாசலம் சொல்லிட்டானா?" என்று இவர் பேரைச் சொல்லிக் கேட்டாள்.

"அவரு எதச் சொல்லியிருக்காரு இதுவரைக்கும்?" என்றேன்.

லேசாகச் சிரித்தாள். சாப்பிட்டு முடித்துக் கழுவிய தட்டைத் திருப்பி அடியைப் பார்த்தாள்.

ஜூலை 9, வியாழன்

மரத்தில் கடைசிக் கொஞ்சம் பழம்தான் மிச்சம். இன்று ஒரு சட்டி போட்டோம். பாட்டில்களை எஸ்தர் காயவைத்தாள். நான் கிட்டேயே போகவில்லை.

அந்தம்மா வந்து கரண்டியை எடுத்தாள். எஸ்தர் துணி உலர்த்தப் போயிருந்தாள். கேட்டுவிட்டேன்.

"தெனமும் ஏன்க்கா பாக்குறீங்க?"

ஊதிக்கொண்டே நின்றாள். நாக்கில் வைத்தாள். கண்ணை மூடினாள். நான் இத்தனை நாள் நாக்கைத்தான் பார்த்தேன், முகத்தைப் பார்த்ததில்லை. பரீட்சை ரிசல்ட் பார்க்கிற பிள்ளையின் முகம் அது.

"வந்துருச்சான்னு பாக்குறேன்" என்றாள். "வந்தாலும் வரும்னு டாக்டர் சொன்னாரு. எப்ப வரும், எது மொதல்ல வரும்னு சொல்ல முடியாதாம். சோறு கொழம்புல தெரியல. இந்தப் பழத்துல இனிப்பு, புளிப்பு, தொவர்ப்பு எல்லாம் இருக்கே, ஏதாவது ஒண்ணாவது தட்டுப்படாதான்னுதான்."

"இன்னைக்கி?"

தலையை ஆட்டினாள். இல்லை.

"அன்னைக்கி நான் எடுத்தது சக்கர போடாததா?" என்று கேட்டாள்.

"ஆமா."

"நெனச்சேன். உம் முகம் போன போக்குலயே தெரிஞ்சுச்சு." பிறகு சொன்னாள்: "கோகுல் ஞாயித்துக்கெழம வர்றானாம். போன் பண்ணுனான். நீதான் கூப்புட்டியாமே."

நான் சட்டியைக் கிண்டினேன். எதைச் சொல்லியிருந்தாலும் பொய்யாகத்தான் இருந்திருக்கும்.

"நீ செஞ்சதுல தப்பில்ல. நானா இருந்தா மொத நாளே பஸ் ஏத்தியிருப்பேன்" என்றாள் அவள்.

ஜூலை 11, சனி

மிச்சமிருந்த பழத்தை எல்லாம் பறித்துவிட்டோம். அவள் ரூமில் பெட்டி கட்டிவைத்திருக்கிறாள். இவர் இரண்டு முறை என்னிடம் ஏதோ சொல்ல வந்து, மழையைப் பற்றிப் பேசிவிட்டுப் போனார்.

ஜூலை 12, ஞாயிறு

கோகுல் பதினொரு மணிக்கு வந்தான். நான் வேண்டுமென்றேதான் அந்த நேரத்துக்குச் சட்டியை ஏற்றியிருந்தேன். கிண்டுகிறவள் நடுவில் விட்டுவிட்டு வர முடியாது, விடைகொடுக்க வேண்டாம், அழ வேண்டாம். அப்படித்தான் கணக்குப் போட்டேன்.

அவன் அடுப்பங்கரை வாசலோடு நின்றுவிட்டான். அவன் அம்மா பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, சால்வையைச் சுற்றிக்கொண்டு வந்தாள். அவன் நகர்ந்து வழிவிட்டான். பெட்டியை வாங்கவில்லை. கையை முழங்கைவரை பின்னால் இழுத்துக்கொண்டு, உடம்பை ஒதுக்கி, சுவரோடு ஒட்டி நின்றான். நான் அப்படித்தான் நின்றிருக்கிறேன், இந்த ஒரு மாதமும். வெளியிலிருந்து பார்க்கும்போது இவ்வளவு கேவலமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

"வர்றேன் இந்திரா" என்றாள்.

"கடைசிச் சட்டி அக்கா. பாத்துட்டுப் போங்க" என்றேன். சிவப்பு ஒட்டியிருந்த கரண்டியை நீட்டினேன்.

"அம்மா, வேணாம்மா. வர்றவங்க சாப்பிடுறது" என்றான் கோகுல்.

அவள் அவனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கரண்டியை வாங்கினாள். ஒரு கரண்டி அள்ளி, ஊதி, நாக்கை நீட்டி வைத்தாள். கண்ணை மூடினாள். நாங்கள் மூன்று பேரும் நின்றோம். ஜாம் கொதிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. அவள் கண்ணைத் திறந்தாள். இல்லை. கரண்டியில் பாதி மிச்சமிருந்தது. அதைத் தண்ணீர்க் கிண்ணத்தில் போடத் திரும்பினாள்.

நான் அந்தக் கையைப் பிடித்துக் கரண்டியை வாங்கினேன்.

அவள் எந்தப் பக்கம் வாய் வைத்தாள் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியாமல் போகுமா? அந்தப் பக்கத்திலேயே வாய் வைத்து, மிச்சம் இருந்ததை வழித்து வாங்கினேன்.

"சித்தி!" என்றான் கோகுல்.

குமட்டியது. விழுங்கினேன்.

"மொதல்ல புளிக்குது அக்கா" என்றேன். "நாக்கு ஓரத்துல சுள்ளுன்னு. அதுக்குப் பொறகுதான் இனிப்பு. நீங்க ஆடிக்குப் போடுவீங்களே கொழுக்கட்டப் பூரணம், அந்த அளவுக்குத் தெகட்டல, அதுக்கு ஒரு படி கம்மி. கடைசியில தோலோட தொவர்ப்பு. தொண்டைக்குப் போகையில லேசா ஒரு கசப்பு வருது."

அவள் மறுபடி கண்ணை மூடியிருந்தாள். வாய் லேசாக அசைந்தது. நான் சொன்னதை ஒவ்வொன்றாக வைத்துப் பார்க்கிறாள் என்று தெரிந்தது. கண்ணோரம் ஈரமாகியது. எச்சில்தான் வற்றியிருக்கிறது, கண் வற்றவில்லை.

பிறகு சட்டென்று திறந்தாள். "கசப்பு வருதா?"

"லேசா."

"அடி புடிக்கப் பாக்குதுடி! தீயக் கொற! வாயப் பாத்துக்கிட்டு நிக்கிறா பாரு. கிண்டு, கிண்டு!"

அதே குரல். தொட்டியில் ரசத்தைத் துப்பிய அதே குரல். தீயைக் குறைத்துக் கிண்டினேன். அடியில் கரகரவென்று தட்டுப்பட்டது. சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள்.

கோகுல் மணி பார்த்தான். "சித்தி, ஹோம்ல ரெண்டு மணிக்குள்ள வரச் சொல்லியிருக்காங்க."

"இன்னும் சீசன் முடியலப்பா" என்றேன்.

அவன் ஜன்னல் வழியாக பழமில்லாமல் மொட்டையாக நிற்கிற மரங்களைப் பார்த்தான். "மரத்துல ஒண்ணுமே இல்லையே."

"அடுத்து பேரிக்கா வருது. அது முடிஞ்சா பாக்கலாம்."

கூடத்தில் இவர் செருமுகிற சத்தம் கேட்டது. பெட்டியை இவர் வந்து தூக்கிக்கொண்டு போய் ரூமில் வைத்தார். கோகுல் சாப்பிடாமலே கிளம்பிவிட்டான். காருக்குப் போகும்போது கைக்கு ஏதோ திரவம் போட்டுத் தேய்த்துக்கொண்டான். என் காலைத் தொட்டுக் கும்பிட்டதற்காகத்தான் என்று நினைக்கிறேன்.

இரண்டு தரம் வாய் கொப்பளித்துவிட்டேன், குமட்டல் இன்னும் முழுசாகப் போகவில்லை. நாளைக் காலையில் அக்கா கொப்பளிக்கும்போது ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொள்ளப் போகிறேன். அதைத் தாங்கிக்கொள்ள என்னால் ஆகாது. எஸ்தரிடம் சொல்லிவிட்டேன்: வருகிறவர்களுக்குப் போடுவது பெரிய சட்டி. வீட்டுக்கென்று தினமும் தனியாக ஒரு சின்னச் சட்டி. அதற்கு இரண்டு கரண்டி எடுத்துவைக்க வேண்டாம், ஒன்று போதும்.